கடைத்தெருவில் கொலுப் பொம்மை

பினாங்கு என்றதும் நம் தோட்டத்து ஜனங்களுக்கு நினைவு வருவது தண்ணீர்மலையும் தைப்பூசமும்தான். பிள்ளைகளைக் கேட்டால் கொடிமலை ரயில் என்பார்கள். ஆனால் தாய்மார்களே, புரட்டாசி மாதத்தில் ஒரு தடவை அந்தத் தீவுக்குப் போய் வாருங்கள். பூஜைச் சாமான் கடைகளின் வாசலில் சரஸ்வதியும் லட்சுமியும் வரிசையாக நின்று உங்களைப் பார்ப்பார்கள். செட்டியாரும் செட்டிச்சியும் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்கு விருந்துதான். கைப்பைக்குத்தான் சோதனை! எவ்வளவுக்கு வாங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை இப்போதே பேசிவிடுவோம். கடைக்குள் போனபின் யோசித்தால் யோசனை ஓடாது.

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறுங்கள். காரும் லாரியும் கீழே, மனிதர்கள் மேலே என்று போன பழைய பெர்ரிகள் 2020ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் புதிய பெர்ரிகள் ஓடுகின்றன. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம். அக்கரையில் இறங்கி பீச் ஸ்திரீட்டைக் குறுக்கே கடந்தால் மார்க்கெட் ஸ்திரீட். மலாய்ப் பலகையில் லெபோ பாசார் என்றிருக்கும். பினாங்குத் தமிழர்கள் இதைக் காலங்காலமாகக் கடைத்தெரு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பினாங்கு ஸ்திரீட், கிங் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் மூன்றும் இதை வெட்டிச் செல்கின்றன. புடவைக் கடை, மசாலைக் கடை, பூக்கடை, நகைக் கடை, பாட்டுக் கடை எல்லாம் இந்த நாலு தெருவுக்குள் அடக்கம். 2008ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் வட்டாரத்துக்குள் நம் கடைத்தெருவும் அடங்கியிருக்கிறது. நமக்குக் கொஞ்சம் பெருமைதானே?

முதலில் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மனைக் கும்பிட்டுவிடுங்கள். 1833ல் எழுந்த கோயில் இது. தீவிலேயே மிகப் பழமையான இந்துக் கோயில். நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று அம்மன் நகை பூண்டு ரதம் ஏறி இந்தத் தெருக்களில்தான் வலம் வருகிறாள். அவள் தெருவில் நின்று நாம் பொம்மை பேரம் பேசுகிறோம் என்பது நினைவிருந்தால் கடைக்காரருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

உள்ளதைச் சொன்னால், கொலு நம் தோட்டத்து வழக்கம் அல்ல. தமிழ்நாட்டில் அரண்மனையிலும் கோயிலிலும் அக்கிரகாரத்திலும், வசதியுள்ள முதலியார், செட்டியார், பிள்ளைமார் வீடுகளிலும் வளர்ந்த வழக்கம் அது. ரஜூலா கப்பலில் தகரப் பெட்டியோடு வந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு லயத்து வீட்டில் பாய் விரிக்கவே இடம் போதவில்லை. ஒன்பது படிக்கு எங்கே போவது? அவர்களுக்கு நவராத்திரி என்றால் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜைதான். பால் வெட்டும் கத்தியையும் வாளியையும் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை வைத்துக் கும்பிட்டார்கள். இப்போது பிள்ளைகள் பட்டணத்தில் வேலைக்குப் போகிறார்கள்; அடுக்குமாடி வீடோ தாமான் வீடோ இருக்கிறது; பக்கத்து வீட்டில் கொலு வைக்கிறார்கள்; நம் வீட்டிலும் வைத்தால் என்ன என்று மகள் கேட்கிறாள். கேட்பதில் தப்பே இல்லை. பாட்டிக்குக் கிடைக்காதது பேத்திக்குக் கிடைக்கட்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நடுத்தரப் பொம்மை 30 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒன்பது படி, படிக்கு ஏழு பொம்மை என்றால் 63 பொம்மை, 1,890 வெள்ளி. 2025ல் நம் நாட்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு மாதச் சம்பளம் முழுவதும் படியேறி உட்கார்ந்துகொண்டு, மேலே 190 வெள்ளி கடனும் கேட்கிறது! இன்னொரு சங்கதி. விஜயதசமி முடிந்து மூன்று வாரம்கூட ஆகாது, தீபாவளி வந்து நிற்கும். பிள்ளைகளுக்குத் துணி, பலகார மாவு, எண்ணெய், ஊருக்குப் போகும் செலவு எல்லாம் அந்த மூன்று வாரத்தில். ஆகவே பொம்மைக்கென்று தனியாகக் கணக்குப் போடாதீர்கள். தீபாவளிக் கணக்கை முதலில் எழுதுங்கள். மிச்சம் இருப்பதில் ஒன்பது நாள் சுண்டலுக்கும் பூவுக்கும், வரும் பெண்களுக்கு வைத்துக்கொடுக்கும் வெற்றிலை பாக்கு மஞ்சளுக்கும் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு நிற்கும் தொகைதான் பொம்மைக் காசு. அதை ஒரு கடித உறையில் போட்டு எடுத்துப் போங்கள். உறை காலியானால் கடையை விட்டு வெளியே!

கொலு வைக்கும் வீடுகளின் பழைய வழக்கமே இதற்குத் துணை நிற்கிறது. படி ஒற்றைப்படையில் இருக்கவேண்டும்; மூன்றும் ஒற்றைப்படைதான். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேரவேண்டும் என்பார்கள்; அந்த ஒன்றே போதும். இப்படிச் சேர்ந்த கொலுவைத்தான் பெரிய வீடுகளில் நாம் பார்க்கிறோம். அந்தப் பதினோரு படியும் மாமியார், அவருடைய மாமியார் என்று தலைமுறை தலைமுறையாக ஏறியவை. அதை ஒரே சனிக்கிழமையில் வாங்க நினைப்பது, நட்ட வருஷமே ரப்பர் மரத்தில் பால் கேட்பது போல. மரத்துக்கே ஐந்தாறு வருஷம் கொடுக்கிறோம் அல்லவா?

கடையில் ஒரு தாயும் மகளும் பேசியது காதில் விழுந்தது.

"தசாவதாரம் செட்டு எடுத்துடலாம்மா. பெரியம்மா வீட்டுல இருக்கு."

"அவங்க வீட்டுல மூணு சம்பளம்டி."

கடைக்காரர் விடுவாரா? "அக்கா, பத்தும் சேத்து எடுத்தா வெல கொறச்சுத் தர்றேன்" என்றார்.

செட் என்பதுதான் இந்த வியாபாரத்தின் தூண்டில். தசாவதாரம் என்றால் பத்து, அஷ்டலட்சுமி என்றால் எட்டு, அறுபடை வீடு என்றால் ஆறு. இரண்டு மூன்று வாங்கி வைத்தால் மிச்சம் வாங்கும்வரை மனசு ஆறாது. அடுத்த வருஷம் மீதியை வாங்கலாம் என்றாலும் சரிப்படாது. அச்சு மாறியிருக்கும், உயரமும் வர்ணமும் ஒத்துப் போகா. ஆகவே செட் வாங்குவதென்றால் முழுதாக வாங்குங்கள். அதுவும் ஆறுக்கு மேல் போகாத சிறிய செட். இல்லையென்றால் தனியாக நிற்கக்கூடிய பொம்மையாக எடுங்கள். ஒரு சரஸ்வதி, ஒரு முருகன், ஒரு செட்டியார் ஜோடி. அந்தத் தாயார் கடைசியில் செட்டியார் ஜோடியைத்தான் எடுத்தார். மகளுக்கு முகம் வாடியது உண்மை. செட்டியார் முன்னால் கொட்டிவைக்கக் குட்டிக் குட்டிச் சாக்கில் அரிசியும் பருப்பும் நீதான் கட்டவேண்டும் என்று சொன்னதும் கொஞ்சம் தெளிந்தது.

இனி, எந்தப் பொம்மைக்கு எந்த விலை தகும்? பொம்மைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி இவையெல்லாம் பேர்பெற்ற ஊர்கள். களிமண்ணை இரண்டு பாதி அச்சில் அழுத்தி, ஒட்டி, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளைப் பூச்சுப் பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டுகிறார்கள். கண் எழுதுவது கடைசி வேலை. பழகிய கை எழுதிய கண்ணில் இரண்டு பார்வையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அவசரக் கண் ஒன்று கூரையையும் ஒன்று கதவையும் பார்க்கும். ஜரிகையும் ஜிகினாவும் நிறைய ஒட்டியிருந்தால் நான் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஜிகினாவுக்கு விலை கொடுக்காதீர்கள். கண்ணுக்கு விலை கொடுங்கள்.

அடுத்தது உயரம். ஆறு அங்குலப் பொம்மையைவிடப் பன்னிரண்டு அங்குலப் பொம்மை இரட்டிப்புத்தானே என்று நினைப்போம். அப்படியில்லை. உள்ளே கூடாக இருந்தாலும் மண்ணும் வர்ணமும் ஏறக்குறைய நாலு மடங்கு பிடிக்கும். கட்டி அனுப்பும் பெட்டியில் எட்டு மடங்கு இடம் அடைக்கும். கடல் கடந்து வரும் பொம்மைக்கு அந்த இடமும் காசுதான். சிறிய வீட்டுக்கு ஆறு, எட்டு அங்குலமே அழகு. மேல்படிக்கு மட்டும் ஒன்று பெரிதாக இருக்கட்டும்.

காகிதக் கூழ்ப் பொம்மை என்றும் ஒன்று உண்டு. எடை குறைவு, விழுந்தாலும் எளிதில் உடையாது, பெர்ரியில் தூக்கி வர வசதி. ஆனால் நம் நாட்டு ஈரக் காற்றை யோசியுங்கள். வருஷத்தில் பதினொன்றரை மாதம் பெட்டிக்குள் கிடக்கப் போகும் பொருள். கூழில் பூசணம் பூக்கும், கரையானுக்கும் அது பலகாரம். சுட்ட மண்ணை அவை தொடா. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கூழ். பத்திருபது வருஷம் வைக்க நினைப்பவர்களுக்கு மண். மண் பொம்மையை வாங்குமுன் விரலால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது. பொத்தென்றால் விரிசலோ அரைவேக்காடோ, கீழே வைத்துவிடுங்கள். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வர்ணம் மறைத்த விரிசல் அங்கேதான் தெரியும்.

மரப்பாச்சி ஜோடி வேண்டும் என்று சிலருக்கு ஆசை. ராஜா ராணியாக, கல்யாணச் சீரில் பெண்ணுக்குக் கொடுக்கும் மரப்பொம்மை. பழைய மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது. செம்மரம் 1995 முதல் உலக நாடுகளின் வனவுயிர் வர்த்தக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு. ஆகவே யாராவது அசல் செம்மரம் என்று பெரிய விலை சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். சாயம் போட்ட வேறு மரமாகவும் இருக்கலாம். வேறு மரத்து ஜோடியைக் குறைந்த விலைக்கு, வேறு மரம் என்று தெரிந்தே வாங்கிப் பட்டுத் துணி சுற்றினால் படியில் ராஜா ராஜாதான். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியதும், ஊரிலிருந்தே கொண்டுவரலாமே என்று பலருக்கும் தோன்றியது. மண் பொம்மையைக் கொண்டுவரலாம், பெட்டி எடை உங்கள் கவலை. செம்மரத்தை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

"விலை உயர்ந்த பொம்மை சொத்து மாதிரி" என்று சொல்பவர்களும் உண்டு. தங்கச் சங்கிலி சொத்து. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் அடகுக் கடை கைகொடுக்கும். கொலுப் பொம்மையை எந்த அடகுக் கடை எடுக்கும்? ஒருமுறை வாங்கினால் அந்தக் காசு திரும்பாது. கல்யாணப் புடவைபோல, மனசுக்குப் பிடித்து எடுப்பது அது. அந்த அளவுக்குச் செலவழியுங்கள்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். ஜப்பானில் மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காகப் பொம்மைத் திருவிழா. சிவப்புத் துணி விரித்து ஏழு படி கட்டி, சக்கரவர்த்தி, சக்கரவர்த்தினி, தோழியர், வாத்தியக்காரர், மந்திரிகள், பணியாளர் என்று 15 பொம்மை வைப்பது முழுக் கொலு. பேத்தி பிறந்ததும் தாத்தா பாட்டி வாங்கித் தருவார்கள். விலையும் அதற்குத் தக்கபடி. அங்கேயும் வீடுகள் சின்னதாகிவிட்டன. இப்போது பல குடும்பங்கள் சக்கரவர்த்தி ஜோடியை மட்டும் வைத்துத் திருநாளை முடித்துக்கொள்கின்றன. வேண்டாமென்று மக்கள் கொடுத்த பழைய பொம்மைகளைச் சேர்த்து, கட்சுவுரா என்ற ஊரில் கோயிலின் 60 கல்படிகளிலும் வரிசையாக வைக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படிச் செய்யலாம். லயத்திலோ அடுக்குமாடியிலோ நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, வீட்டுக்கு ஒரு பொம்மை போட்டு, கோயில் மண்டபத்தில் ஒரே கொலுவாக வைத்தால் யாருக்கும் பாரமில்லை. சுண்டலும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

காசில்லாமல் சேர்க்கும் பொம்மையையும் சொல்லவேண்டும். கொலுவின் கீழ்த்தரையில் பிள்ளைகள் பூங்கா கட்டுவது வழக்கம்; மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு, பச்சையாக. நம் வீட்டில் அந்த இடத்தில் தோட்டத்தைக் கட்டச் சொல்லுங்கள். வேலிக்குச்சியில் ரப்பர் மரம், மருந்துப் புட்டி மூடியில் மங்கு, தீப்பெட்டியில் லயம், பிஸ்கட் டின்னில் பால் ஸ்டோர். பெரட்டுக் களம் எங்கே, ஆயாக் கொட்டகை எங்கே, மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று தாத்தாவைக் கேட்டு வைக்கட்டும். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீட்டுமனைகளாகிவிட்டன. அந்த லயங்கள் தாத்தாவின் நினைவில்தான் நிற்கின்றன. கடைத்தெருவில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தப் பொம்மை கிடைக்காது.

படிக்கும் செலவு வேண்டாம். பெட்டி, டின், புத்தகக் கட்டு அடுக்கி மேலே வெள்ளை வேட்டி விரித்தால் படி தயார். ஆனால் நன்றாக அழுத்திப் பாருங்கள். ஆடும் படியில் 80 வெள்ளிப் பொம்மையை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளை அதட்டுவதில் நியாயமில்லை.

கொலு அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. இரண்டு வாரம் முந்தி, வேலை நாளில் பகல் நேரமாகப் போனால் கடையில் கூட்டம் குறைவு, பொறுக்கி எடுக்கலாம். கடைசி இரண்டு நாளில் விலை இறங்கும். மூக்கு உதிர்ந்ததும் விரல் ஒடிந்ததும்தான் மிஞ்சியிருக்கும். வீட்டிலிருந்தே பழைய செய்தித்தாளும் ஒரு துண்டும் கொண்டுபோங்கள். திரும்பும்போது பெர்ரியில் பையைக் காலடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்தில் படகு அணையும்போது ஒரு குலுக்குக் குலுக்கும்.