கணினிக்குள் ஒரு ஜிப்சி

கொரட்டூர்வாசிகளுக்குக் கார் பாகங்கள் புதிதல்ல. பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது, வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்கிறது. என் பேரன் செய்வது வேறு வகை, எண்களால் ஆன கார். கணினியில் வண்டி ஓட்டும் சிமுலேட்டருக்காகப் பழைய மாருதி ஜிப்சியை எழுதிக்கொண்டிருக்கிறான். 1985-ல் வந்த வண்டி. 970 சிசி எஞ்சின். தேவைப்பட்டால் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கலாம்.

எஞ்சினுக்கு முதலில் ஒரு பட்டியல் போட்டான். இத்தனை ஆர்பிஎம்மில் இவ்வளவு முறுக்குவிசை என்று. அதைக் கியர் விகிதத்தால் பெருக்கினால் சக்கரத்துக்குப் போவது கிடைக்கும். வேகம் அதே விகிதத்தில் குறையும். இதுவரை குமாஸ்தா கணக்குதான்.

பிறகு மலைச்சாலையில் இறக்கிக் காட்டினான். இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரில் கால் இல்லை. வண்டியோ நியூட்ரலில் விட்டதுபோல் பாய்கிறது! உத்தியோக காலத்தில் அரசாங்க ஜீப்பில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியவன் நான். "ஏறின கியர்லயே இறங்கணும் சார்" என்பார் எங்கள் டிரைவர். பிரேக்கை அவர் அபூர்வமாகத்தான் மிதிப்பார். எஞ்சினுக்குள் இருக்கும் உராய்வும், மூடிய திராட்டில் வழியே காற்றை இழுக்கும் சிரமமும் வண்டியைப் பிடித்து வைக்கும். பேரனின் பட்டியலில் அந்தக் கழித்தல் இல்லை.

விளையாட்டுதானே என்று விட எனக்கு மனமில்லை. பையன் எல்எல்ஆர் வாங்கியாயிற்று, நண்பர்களோடு ஏற்காடு போகும் பேச்சும் நடக்கிறது. இதில் பழகியவன் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவான். பிரேக் சூடேறினால் பிடிக்காது.

அடுத்தது நாலு சக்கர இழுவை. சக்கரத்துக்குக் கால் பங்கு என்று பிரித்து வைத்திருந்தான். விஷயம் அப்படியில்லை. ஒரே அச்சில் இருக்கும் இரு சக்கரங்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் இருக்கிறது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுற்ற அது வழிவிடும், ஆனால் விசையைச் சமமாகத்தான் பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் மற்றதற்கும் அதே சொற்ப விசைதான். இதைக் காருக்கு முன்பே நீராவி வண்டிக்காக வடிவமைத்தவர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர், 1820களின் இறுதியில். பள்ளியில் படித்த பிரெஞ்சு இத்தனை வருஷம் கழித்துப் பேரனுக்கு உதவும் என்று யார் கண்டது?

ஜிப்சியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. 1980-ல் வந்த ஆடி குவாட்ரோவில் உண்டு. ஜிப்சியின் அச்சுகளுக்கு இடையே 2.375 மீட்டர். பின்னச்சு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முன்னச்சு ஏறக்குறைய 5.5 மீட்டர் ஆரத்தில் போயாக வேண்டும். ஆனால் ஃபோர்வீல் போட்டால் இரண்டும் ஒரே சுற்றுதான். சேற்றில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் முடியாது, வண்டி முறுக்கிக்கொள்ளும். தார் ரோடு வந்ததும் எங்கள் டிரைவர் லிவரைத் தள்ளி ஃபோர்வீலை எடுத்துவிடுவது இதனால்தான். அவர் இந்தக் கணக்கெல்லாம் போட்டவரில்லை, ஸ்டியரிங் அவர் கைக்குச் சொல்லிவிடும்.

பேரன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதினான். நேற்று தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு முழுக்க ஒடித்தான். திரையில் வண்டி இழுத்துப் பிடித்து, குலுங்கி, எஞ்சின் அணைந்தது.

"பக் இல்ல தாத்தா, இது சரிதான்" என்றான். இனி ஏற்காடு இறக்கத்தை முயல வேண்டும், இரண்டாவது கியரில்.