‘சம்மதத்துடன்’ என்று நான் நிரப்பிய கட்டம்

நெல்லிக்குப்பத்தில் என்னை ‘ஏர்போர்ட்காரர்’ என்பார்கள். பைலட் என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்களை நான் திருத்தியதில்லை. அது சின்னப் பொய். பெரியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தது விமானிகளுக்கு ரோஸ்டர் போடும் வேலை. எந்த விமானத்துக்கு எந்தக் கேப்டன், எந்தக் கோ-பைலட், யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், யாருக்கு ஓய்வு என்று கணினியில் பொருத்த வேண்டும். டெல்லியில் மூடுபனி, சென்னையில் மழை என்று ஏதாவது வந்து அந்தப் பொருத்தம் தினமும் குலையும். குலைந்ததை ஒட்டவைக்க ராத்திரி முழுக்கப் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

ஒரு விமானி எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதி வைத்திருக்கிறது. எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, எத்தனை முறை தரையிறங்க வேண்டும் என்பதைப் பொறுத்து அந்த நேரம் கூடும், குறையும். எதிர்பாராத தாமதம் வந்தால், தன்னால் முடியும் என்று கேப்டனே தீர்மானித்துக் கொஞ்சம் நீட்டிக்கலாம். தீர்மானம் அவருடையதாக இருக்க வேண்டும். என் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருந்தது.

விமானம் தாமதமாகும் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிடும். கேப்டன் வீட்டில் இருக்கும்போதே சொன்னால், “நேரம் போதாது, வேற ஆளைப் பாருங்க” என்பார். அதனால் சொல்ல மாட்டேன். அவர் வந்து கையெழுத்துப் போட்டு, பயணிகள் ஏறி பெல்ட் மாட்டிய பிறகு சொல்வேன். ஏறி உட்கார்ந்த அத்தனை பேரையும் இறக்கிவிடச் சொல்ல எந்தக் கேப்டனுக்கு மனசு வரும்?

ஆள் குறைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். சீனியர்கள் விதியை எண்ணோடு சொல்வார்கள், அவர்களை விட்டுவிடுவேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் பைலட் படிப்புக்கு அரைக் கோடிக்கு மேல் கடன் வாங்கியிருப்பார்கள். வேலையை உதறவும் முடியாது. கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2017-ல் விதியே வந்துவிட்டது. அவர்களைத்தான் கூப்பிடுவேன். அதிலும் தமிழ்ப் பையன் என்றால் எனக்கு இன்னும் வசதி.

எங்கள் மாவட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். என்னை அண்ணா என்பான். தாளில் அவனுடைய ஓய்வு முடிந்திருந்தது, பின்னிரவில் கூப்பிட்டேன்.

“அண்ணா, பாப்பாவுக்கு ஜுரம். நேத்திலேருந்து கண்ணே மூடல. இன்னிக்கு விட்டுடுங்களேன்.”

“அப்ப ஃபெட்டீக் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துடு தம்பி. ரெக்கார்டுல ஏறும், அவ்வளவுதான்.”

களைப்பைத் தெரிவிப்பது விமானியின் கடமை. அதை நான் மிரட்டலாக மாற்றிச் சொன்னேன். அவன் வந்தான், ஓட்டினான், விமானம் பத்திரமாக இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் அடுத்த வாரமும் அதையே செய்தேன்.

தூக்கமின்மை என்ன செய்யும் என்று தெரியாதவன் அல்ல நான். அப்பா இங்கே சர்க்கரை ஆலையில் ஷிப்ட் பார்த்தவர். அரவை நாட்களில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, கண்ணில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு பகலில் படுப்பார். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்தால் அம்மா ஓடிப்போய் அனுப்பிவிட்டு வருவாள். அந்த வீட்டில் வளர்ந்தவன்தான் அடுத்த வீட்டுக்காரனை எழுப்பினேன்.

மங்களூரும் தெரியும். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார் என்றது விசாரணை அறிக்கை. குறட்டைச் சத்தம் விமானி அறையின் ஒலிப்பதிவில் இருந்தது. இறங்க வேண்டாம், மேலே போகலாம் என்று கோ-பைலட் சொல்லியும் அவர் கேட்கவில்லை. இதை அலுவலகத்தில் பயிற்சிப் பாடமாகவே வைத்தார்கள். படித்துவிட்டு நேராகப் போனை எடுத்தேன்.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: பொறாமை. என் வருடச் சம்பளத்தை ஒரு கேப்டன் சில மாதங்களில் வாங்கினார். லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன களைப்பு என்று கேன்டீனில் பேசுவேன். 2012-ல் ஏர் இந்தியா விமானிகள் ட்ரீம்லைனர் பயிற்சி, பதவி உயர்வுப் பிரச்சினையில் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, திமிர் என்றேன். 2023-ல் அதே நிறுவனம், பறந்தாலும் பறக்காவிட்டாலும் 40 மணி நேரத்துக்குப் படி உறுதி என்று புதிய சம்பள ஒப்பந்தத்தை நீட்டியது. கொரோனாவுக்கு முன்பு அது 70 மணி நேரம். விமானிகள் 1,500 பேருக்கு மேல் கையெழுத்திட்டு ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினார்கள். அதற்கும் சிரித்தேன்.

எங்கள் விமானிகள் சங்கம் பேச்சுவார்த்தைக்கு வந்த வருடம்தான் என் குற்றம் முழு உருவம் எடுத்தது. ஓய்வு நேரத்தில் அழைக்கக் கூடாது, கடைசி நிமிடத்தில் பணியை நீட்டிக்கச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னார்கள். பணி நீட்டிப்புக் கணக்கை எடுத்துத் தரும்படி மேலிடம் கேட்டது. என் அட்டவணையில் ‘நீட்டிப்பு – சம்மதத்துடன்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியவன் நான். அந்தத் தாளை மேஜையில் போட்டு, “உங்க ஆளுங்களே விருப்பப்பட்டுத்தானே வர்றாங்க?” என்று கேட்டார்கள். சங்கத்துக்காரர்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஓய்வுக் கோரிக்கையைக் கைவிட்டு, கூடுதல் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகப் பணம் என்று கையெழுத்திட்டார்கள். தூக்கத்தை விற்றார்கள் என்று அவர்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. ஆனால் பேரத்துக்குப் பொய்த் தராசு கொடுத்தவன் நான். அந்தத் தாளுக்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பிறகு, 2025-ல் விமானிகளின் பணி, ஓய்வு பற்றிய புதிய விதிகள் ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவில் தரையிறங்குவது ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விடிகாலை 5 மணியோடு முடிந்த ‘இரவு’ 6 மணி வரை நீண்டது. தயாராகாத இண்டிகோ டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. திட்டமிடலில் தவறினோம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் இரவுப் பணி விதிகளிலிருந்து அதற்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது.

விமானங்கள் ரத்தான அந்த வாரம் இங்கே டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. “பைலட்டுக்கு ரெஸ்ட் குடுத்துக் கெடுத்துட்டாங்க. ஏர்போர்ட்காரரே, நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். வேலையை விட்ட பிறகும், யாரும் மிரட்டாதபோதும், அதே பொய். அன்றைக்குத்தான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் விமானம் நிற்கிறது, விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது, மாற்று ஆள் வர வேண்டும் என்று அறிவித்தால், சாப்பாடு கேளுங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சத்தம் போட்டே கேளுங்கள். அந்த விமானியையே எடுக்கச் சொல்லி மட்டும் கத்தாதீர்கள். அந்தச் சத்தத்தைக் காட்டித்தான் என்னைப் போன்றவர்கள் அவரை ஏற்றி உட்கார வைப்போம்.