ஏரித் தண்ணீரில் வந்த வெந்நீர்!

"பிள்ளை பெத்தவ வீட்டுல அடுப்பு அணையக் கூடாது" என்பார் என் மாமியார். கோலியனூரில் எனக்கு இரண்டு பிரசவத்தின் போதும் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அண்டா கொதித்தபடியேதான் இருந்தது. வேலிக்காத்தான் முள், சவுக்கு மிளாறு, கரும்புத் தோகை, எது கிடைத்ததோ அது எரிந்தது. நொச்சி இலை போட்ட வெந்நீர் எனக்கு. புகையில் சிவந்த கண்கள் மாமியாருக்கு.

அதனால், மகளின் பிரசவத்துக்காக ஒரு ஜனவரியில் ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் போய் இறங்கியதும் என் கண் முதலில் தேடியது அடுப்பைத்தான். வெளியே முழங்கால் அளவு பனி. வீட்டுக்குள் கணப்பும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. ஆனால் மூலை முடுக்கெல்லாம் இளஞ்சூடு! குழாயைத் திருப்பினால் ஆவி பறக்கும் வெந்நீர்.

"எங்கேர்ந்து வருது மாப்பிள்ளை இந்தச் சூடு?"

"ஏரியிலேர்ந்து அத்தை."

கேலி பண்ணுகிறார் என்றே நினைத்தேன். வரும் வழியில் அந்த ஏரியைப் பார்த்தேனே! கையை விட்டால் விறைத்துப் போகும்.

மாப்பிள்ளை என்னைக் குளிர்சாதனப் பெட்டியிடம் அழைத்துப் போனார். "பக்கத்துல கையை வெச்சுப் பாருங்க." வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே இருக்கும் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் இழுத்த சூட்டைத்தான் அது வெளியே தள்ளுகிறதாம். அதே வேலையைப் பெரிதாகச் செய்தால் ஏரியிலிருந்தும் சூட்டை இழுக்கலாம். ஐந்து டிகிரி தண்ணீர் நமக்குத்தான் ஜில். இயந்திரத்துக்குள் ஓடும் திரவம் அதைவிடக் குளிர்ச்சியில் கொதிப்பது. ஏரித் தண்ணீர் பட்டதும் அது ஆவியாகும். அந்த ஆவியை அழுத்தினால் சூடு ஏறும். ஒரு பங்கு மின்சாரம் செலவானால் ஏறக்குறைய மூன்று பங்கு சூடு கிடைக்கும். ஏரித் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி ஆறி, திரும்ப ஏரிக்கே போய்விடுகிறது.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. அந்த ஏரியிலிருந்து புறப்படுவது லிம்மாத் நதி. அதன் கரையில், தண்ணீரில் கால் வைத்தாற்போல் நிற்கிறது பழைய நகர மண்டபம். சொந்தமாக நிலக்கரி இல்லாத தேசம் அல்லவா, 1938-லேயே நதி நீரிலிருந்து சூடு எடுக்கும் இயந்திரத்தை அங்கே வைத்துவிட்டார்கள். 2001 வரை உழைத்ததாம் அது! பாலத்தின் மேல் நின்று, கம்பளிக்குள் நடுங்கியபடி அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் இருக்கும் பகுதியில் தெருவுக்கடியில் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. ஒன்றில் சூடாகப் போகிற தண்ணீர் மற்றதில் ஆறித் திரும்பும். வீட்டுக்கு வீடு அளவுமானி. நடத்துவது நகரத்துக்கே சொந்தமான மின் நிறுவனம். டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் விழித்துக்கொண்டு, 1979-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். இன்று அங்கே மூன்றில் இரண்டு வீடுகளுக்குக் குழாய்ச் சூடுதான். பல ஊர்களில் குழாய் வைத்திருக்கும் சங்கத்துக்கு முதலாளிகள் அதில் குளிர்காயும் குடும்பங்களே! லாபம் வைத்து விற்க முடியாது.

எனக்கு எங்கள் கோலியனூரான் வாய்க்கால் ஞாபகம் வந்தது. தண்ணீர் வந்தால் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். தூர் எடுக்க ஆள் வராவிட்டால் கடைமடை காய வேண்டும். வாய்க்காலோ குழாயோ, பொதுவில் இருக்கிற சொத்துக்கு உள்ள தொல்லை ஒன்றுதானே!

அந்தத் தொல்லையையும் பார்த்தேன். பேரனுக்குப் பதினெட்டாம் நாள். இரவு பத்து மணிக்கு மேல் சுவரோரத்து இரும்புப் பட்டைகள் சில்லிட்டுப் போயின. கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் பம்பு நின்றுவிட்டது. எல்லா மாடிக்கும் குளிர். எனக்குக் கை கால் ஓடவில்லை. "ஒரு விறகடுப்பு இருந்தா இந்தக் கதி உண்டா?" என்று புலம்பினேன். மகள் பதறவில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றி, தன் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். எதிர்வீட்டுப் பாட்டி வெந்நீர்ப் பை கொண்டு வந்தார். தொட்டிலைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிட வேண்டும், குழந்தையின் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சைகையாலேயே சொன்னார். விடியற்காலை பம்பு ஓடியது.

மறுநாள் வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சி என்னைத்தான் கடிந்துகொண்டார். குளிருக்குப் பயந்து நான் மூன்று சட்டையும் குல்லாவும் மாட்டியிருந்தேன். குழந்தையின் பிடரியில் கை வைத்துக் காட்டினார், வேர்வை! கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாதாம், பிடரியைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவே வேண்டாம் என்றார்.

ஊர் திரும்பும்போது பங்குனி வெயில். எங்கள் பெண்ணையாற்றில் மழைக்காலம் போனால் மணல்தான். அதில் எந்தச் சூட்டை எடுப்பது, நமக்கு எதற்குச் சூடு? ஆனால் மாப்பிள்ளை விமான நிலையத்தில் ஒன்று சொன்னார்: "கோடையில அதே ஏரித் தண்ணியால கட்டடங்களைக் குளுமையாக்கறாங்க அத்தை."

அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?