பேட்டரி இறங்கும் வண்டி: ஒரு வாரக் குறிப்பு

திங்கள்

நிறுத்திவைத்த காரில் பேட்டரி தானாக இறங்கிப்போவது எளிதில் தவறாகத் தீர்க்கப்படும் கோளாறு. ஏனெனில் செல்ஃப் எடுக்காத காலையில் குற்றவாளியாகக் கண்ணுக்குப் படுவது பேட்டரி மட்டுமே. ஆறு கலங்கள் கொண்ட 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, நிரம்பிய நிலையில் சில மணி நேரம் ஓய்ந்திருந்தால், மல்டிமீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12-க்கும் கீழே போனால் அது ஏறக்குறையக் காலி. இன்று ஆராயப்படும் பழைய பெட்ரோல் கார் காலையில் 11.9 காட்டியது, ஜம்பர் கேபிளால் உயிர்ப்பித்து எஞ்சினை ஓடவிட்டபோது 14.2-க்கு ஏறியது. எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்நேட்டர், ஓட்டத்தில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை தர வேண்டும் என்பதால், அதன்மீதான ஐயம் பெரும்பாலும் நீங்கியது.

செவ்வாய்

சாவியை எடுத்த பின்னும் கடிகாரம், அலாரம் போன்றவை சிறிது மின்சாரம் உண்ணும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் குறையாகாது. அரை ஆம்பியர் ஆகிவிட்டால், 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி 90 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளுக்குள், கணக்கின்படி வறண்டுவிடும். இதை அளக்க, நெகட்டிவ் முனையைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக இணைக்கவேண்டும். அந்நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸே முதலில் போகும். கதவுகளைப் பூட்டி, வண்டியின் கணினிப் பெட்டிகள் உறங்கும்வரை அரை மணி நேரமாவது பொறுத்திருப்பதே இவ்வேலையின் கடினமான பகுதி, பொறுமையற்றோர் பலர் பொய்யான எண்ணைப் படிப்பதும் இங்கேதான். பின்னர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க, எதை எடுத்ததும் அளவு சரிகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. இவ்வண்டியில் அது ஸ்டீரியோவின் சுற்று. வெளிக்கடையில் மாட்டிய ஸ்டீரியோவில், சாவியோடு அணையவேண்டிய கம்பி, எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியுடன் முறுக்கப்பட்டிருந்தது.

புதன்

கண்டறிவது வேறு, கைவைப்பது வேறு. நெகட்டிவ் முனையைத் துலக்குவதும், எரிந்த 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸுக்கு அதே அளவில் புதியது செருகுவதும் உரிமையாளரே செய்யலாம். ஆனால் மறுபடி எரிகிறதென்று 30 ஆம்பியர் பச்சையைச் செருகுவது மன்னிக்க முடியாத மடமை, ஏனெனில் ஃபியூஸ் காப்பது கருவியை மட்டுமன்று, கம்பியையும். காவல் நீங்கிய கம்பி சூடேறித் தீப்பற்றலாம். ஏர்பேக்கின் கம்பிகள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் ஓடும். அவற்றில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது கூடாது, தற்செயலாக வெடிக்கச் செய்யக்கூடும். ஸ்டீரியோவின் கம்பிகளை அவிழ்த்து முறையாக இணைப்பது, வரைபடம் படிக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கு உரிய வேலை.

வெள்ளி

நம்பத்தக்க எலக்ட்ரீசியனைக் கடையின் பளபளப்பால் அறிய இயலாது. அவர் முதலில் கேட்பதும் எடுப்பதும் எவை என்பதே அடையாளம். கோளாறு எப்போது வருகிறது, அண்மையில் என்ன மாட்டினீர்கள் என வினவி, மீட்டரை எடுப்பவர் ஒரு வகை. ஸ்கேனரைச் செருகி, திரையில் வந்த பெயருடைய பாகத்தை மாற்றச் சொல்பவர் மற்றொரு வகை. பி 0562 என்ற குறியீடு மின்னழுத்தம் தாழ்ந்ததை மட்டுமே தெரிவிக்கும். காரணம் ஆல்டர்நேட்டராகவும் இருக்கலாம், பச்சை பூத்த எர்த் இணைப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, செல்ஃப் சுழலும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டர் வைத்தால் போதும், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மீதே முதல் ஐயம் விழும். இச்சோதனையைச் செய்யாமல் ஆல்டர்நேட்டருக்கு விலை சொல்பவரிடம் வண்டியை விட வேண்டியதில்லை.

எனினும் பழி முழுதும் பட்டறைகளின்மேல் விழக்கூடாது. ஒரு மணி நேரம் கம்பி தேடியதற்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். அதே பணத்தைப் புதிய பாகத்தின் விலைக்குள் சேர்த்துச் சொன்னால் மறுபேச்சின்றித் தருகிறார். அளப்பதற்குக் கூலியில்லாத இடத்தில், அளக்காமல் பாகம் மாற்றுபவரே பிழைக்கிறார். இவ்வண்டிக்கு வந்த பில்லில் பாகம் எதுவும் இல்லை, வேலைக்கூலி மட்டுமே. அது பேரமின்றிச் செலுத்தப்பட்டது.