நிழலில் காத்திருக்கும் மரம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மிக உயரமான மலைமுடியின் பெயர் ஸ்புரூஸ் நாப். அதன் உயரம் 1,482 மீட்டர். அங்கு வளரும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தால் வந்த பெயர் அது. குளிரும் பனிமூட்டமும் நிறைந்த அம்மாநிலத்து மலைகளில், ஒரு காலத்தில் சிவப்பு ஸ்புரூஸ் காடுகள் ஏறக்குறைய 5 இலட்சம் ஏக்கரில் பரவியிருந்தன. 1880களிலிருந்து இரயில் பாதைகள் மலையேறின. மரம் வெட்டுவோரும் உடன் வந்தனர். நாற்பது ஆண்டுகளில் காடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வெட்டிப் போட்ட கிளைகளில் பற்றிய தீ, தரையை மூடியிருந்த மக்கிய இலைகளையும் எரித்தது. சில இடங்களில் வெறும் பாறையே மிஞ்சியது. இன்று எஞ்சியிருப்பது பழைய காட்டில் பத்தில் ஒரு பங்குதான்.

இம்மரத்தை மீண்டும் வளர்க்க விரும்புவோர் முதலில் அதை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறார்கள். தூரத்தில் ஊசியிலை மரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கண்ணைவிட விரல்தான் இங்கே நம்பகமானது. ஓர் இலையைப் பறித்து இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்க வேண்டும். ஸ்புரூஸ் இலைக்கு நான்கு பக்கங்கள் இருப்பதால் அது எளிதில் உருளும். ஃபர் மரத்தின் இலை தட்டையானது, உருளாது. இலை உதிர்ந்த ஸ்புரூஸ் குச்சியைத் தடவினால் சொரசொரக்கும். ஒவ்வோர் இலையும் ஒரு சிறு முளையின்மேல் அமர்ந்திருந்ததற்கான அடையாளம் அது. விதைகளைத் தாங்கும் கூம்புகளும் உதவும். ஸ்புரூஸின் கூம்பு கீழ்நோக்கித் தொங்கும். ஃபரின் கூம்பு கிளையில் நிமிர்ந்து நிற்கும்.

ஸ்புரூஸ் என்று தெரிந்த பிறகும், எந்த ஸ்புரூஸ் என்ற கேள்வி இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த நார்வே ஸ்புரூஸும் அதே மலைகளில் நிற்கிறது. அதன் கூம்பு 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மண்ணின் மரமான சிவப்பு ஸ்புரூஸின் கூம்போ செம்பழுப்பு நிறத்தில், 3 அல்லது 4 சென்டிமீட்டர்தான்.

இந்த வேறுபாடு சின்ன விஷயமன்று. சீட் மலையில் நிலக்கரி தோண்டிய நிலத்தை, முன்பு கனரக இயந்திரங்களால் அழுத்திச் சமன்செய்து, புல்லும் நார்வே ஸ்புரூஸ் போன்ற அயல் மரங்களும் நட்டார்கள். பார்வைக்குப் பசுமைதான். ஆனால் இறுகிய மண்ணில் மழைநீர் இறங்கவில்லை. அந்த மலைக்குரிய மரங்களின் விதைகள் வேரூன்றவும் முடியவில்லை. இப்போது அந்த அயல் மரங்களைச் சாய்த்து, இயந்திரத்தின் இரும்புக் கொக்கிகளால் மண்ணை ஆழமாகக் கிளறுகிறார்கள். முதன்முறை பார்ப்பவர், காட்டை அழிக்கிறார்கள் என்றே நினைப்பார்! சாய்த்த மரங்களை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அவை மக்கி மண்ணுக்கு உரமாகும்.

கிளறிய மண்ணில் தொண்டூழியர்கள் சிவப்பு ஸ்புரூஸ் கன்றுகளை நடுகிறார்கள். இலையுதிர் காலத்தில், கூம்பு விரிந்து விதை பறந்துவிடுவதற்குள் அதைச் சேகரிக்க வேண்டும். உலர்த்தித் தட்டினால் சிறகுள்ள விதைகள் உதிரும். அவற்றை ஈரமான, அமிலத்தன்மையுள்ள மண்ணில் மெல்லியதாக மூடி விதைக்க வேண்டும். வேர் ஆழமாகப் போகாததால் இளங்கன்று வெயிலில் விரைவில் வாடிவிடும். நாற்றங்காலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பேணிய பின்னரே மலைக்குக் கொண்டு செல்கிறார்கள்.

அவசரப்படுபவருக்கு ஏற்ற மரமன்று இது. பெரிய மரங்களின் நிழலில், ஆள் உயரம்கூட எட்டாமல் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் கிடைத்ததும் சட்டென வளரத் தொடங்கும். அதனால் காப்பாளர்கள் சில இடங்களில் புதிதாக நடுவதில்லை. நிழல் தரும் ஓரிரு மரங்களை மட்டும் அகற்றி, ஏற்கெனவே காத்திருக்கும் கன்றுகளுக்கு வழிவிடுகிறார்கள்.

அக்காடுகளில் வாழும் ஒருவகைப் பறக்கும் அணில், 1985இல் அருகிவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. ஸ்புரூஸ் வேர்களோடு சேர்ந்து மண்ணுக்கடியில் வளரும் காளான்களே அதன் முக்கிய உணவு. அணில் தின்று பரப்பும் காளான் வித்துகள், இளம் வேர்கள் நீரையும் சத்தையும் உறிஞ்சத் துணைபுரிகின்றன. காடுகள் மெல்ல மீண்டுவர, 2013இல் அந்த அணிலின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சீட் மலையில் இன்று நடப்படும் கன்றுகள் நிறையக் கூம்புகள் தர, இன்னும் முப்பது ஆண்டுகளாவது ஆகும்.