சேலை வித்துட்டாங்க!

2023 டிசம்பர் 31, காலை. வீட்டு ஹாலில் பாய் விரித்து, இடுப்பில் பெல்ட்டோடு மல்லாக்கப் படுத்திருந்தேன். பாஸ்டனில் இருந்து அக்கா போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டேன். நியூ இயர் வாழ்த்து எல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "டேய், சேலை வித்துட்டாங்கடா!"

அடுப்படியில் இருந்து அம்மா ஓடி வந்தாங்க. "எந்த சேலைடி? கல்யாணத்துக்கு எடுத்ததா?"

அம்மாவுக்குப் புரிய வைக்க பத்து நிமிஷம் ஆச்சு. உங்களுக்கும் கொஞ்சம் சொல்லிடறேன். கிறிஸ் சேல் ஒரு பேஸ்பால் பிட்சர். ஆறரை அடி உயரம், ஒல்லி, இடது கை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் டீம் அவரை அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வான் க்ரிசம் என்ற 22 வயசுப் பையனை வாங்கிக்கொண்டது. கொடுத்தது மட்டும் இல்லை, சேலின் சம்பளத்துக்காக 17 மில்லியன் டாலரும் சேர்த்துக் கொடுத்தது. அதாவது பழைய பைக்கை வித்து, வாங்குறவன் கையில் பெட்ரோல் காசையும் திணிச்சு அனுப்பின மாதிரி.

"மனுஷனைப் போய் விப்பாங்களா?" என்று அம்மா கேட்டாங்க. இப்போ கேட்டால் பதில் சுலபம். 2025 நவம்பரில் ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினாங்களே, அன்னைக்கு நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்த சண்டை ஞாபகம் இருக்குல்ல? அமெரிக்காவில் அந்தச் சண்டை வருஷா வருஷம் நவம்பரில் ஆரம்பிச்சு பிப்ரவரி வரை ஓடும். ஒரு சீசனுக்கு 162 மேட்ச் ஆடுறாங்க. ஆனா ரசிகன் உண்மையில் வாழுறது மேட்ச் இல்லாத இந்த நாலு மாசத்தில்தான் என்று அக்கா சொல்வாள்.

அக்கா எம்.எஸ். படிக்கப் போனவள், ரூம்மேட்டுகளோடு ஃபென்வே பார்க்குக்குப் போய்ப் போய் இந்த வியாதியைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் எனக்கும் ஒட்ட வச்சா. பாஸ்டனில் ராத்திரி 7:10-க்கு மேட்ச் ஆரம்பிச்சா நமக்கு விடிகாலை 4:40. எட்டே முக்காலுக்கு லேப் இருக்கிறவனுக்கு இது நல்ல பழக்கம் இல்லை.

அன்றைக்கு நான் ஏன் பாயில் கிடந்தேன் என்றும் சொல்லணும். நான் நம்ம காலேஜ் கிரிக்கெட் டீமில் ஃபாஸ்ட் பவுலர். அந்த நவம்பரில் நெட்ஸில் ஒரு பந்து போட்டுவிட்டு நிமிர்ந்தேன், நிமிர முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் கீழ் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். ஆறு மாசம் பந்தையே தொடக்கூடாது என்றார் டாக்டர். ஒரே வாரத்தில் என் இடத்துக்கு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனை எடுத்துட்டாங்க. தப்பில்லைதான். டீம் ஓடணும் இல்லையா?

அதனால் அக்கா அடுத்து சொன்னது எனக்கு வேற மாதிரி கேட்டது.

"நல்ல வேளை வித்தாங்க. அவன் கண்ணாடிடா. தொட்டா உடைவான். உடையுற சாமானை விலை போகும்போதே தள்ளிடணும்."

அவள் சொன்னதில் கணக்கு இருந்தது. 2018-ல் உலகத் தொடரின் கடைசி பந்தைப் போட்டு பாஸ்டனுக்கு கோப்பை வாங்கிக் கொடுத்தவர் சேல். அடுத்த வருஷம் 145 மில்லியன் டாலருக்கு புது ஒப்பந்தம். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்க. 2020-ல் முழங்கை ஆபரேஷன், அந்த வருஷம் முழுக்க இல்லை. 2022-ல் முதலில் விலா எலும்பு. அது ஆறி வந்து இரண்டாவது மேட்சில், அடிச்ச பந்து நேரா வந்து சுண்டுவிரலை உடைச்சது. அது ஆறுவதற்குள் சைக்கிளில் சாப்பாடு வாங்கப் போய் விழுந்து மணிக்கட்டு போச்சு. ஆமாம், சைக்கிள். 2023-ல் தோள்பட்டை எலும்பு. நாலு வருஷத்தில் அவர் ஆரம்பித்து வைத்த மேட்சுகள் மொத்தம் 31. ஒழுங்கா இருக்கிற பிட்சர் ஒரே வருஷத்தில் போடுற எண்ணிக்கை அது.

"சரி, உடைஞ்சா தூக்கிப் போட்டுடுவீங்களா?" என்றேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டிருப்பேன் போல. அம்மா திரும்பிப் பார்த்தாங்க.

இந்த இடத்தில் மெக்கானிக்கல்காரனாக ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். பிட்சர்கள் ஏன் இப்படி உடையறாங்க? முழங்கையின் உள்பக்கத்தில் யூ.சி.எல். என்று ஒரு சின்ன தசைநார் இருக்கு. வேகமாக எறியும்போது முழங்கையில் சுமார் 64 நியூட்டன் மீட்டர் டார்க் வருவதாக அளந்திருக்கிறார்கள். அந்தத் தசைநாரைத் தனியாக எடுத்து, இறந்தவர் உடல்களில் சோதித்தால், ஏறக்குறைய அதில் பாதிக்கே அறுந்துவிடுகிறது. மீதி பாரத்தைச் சுற்றி இருக்கிற தசைகள் வாங்கிக்கணும். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி ஒன்றுக்குக் கீழே. இப்படி ஒரு டிசைனை நீங்க வைவாவில் சொன்னால் உட்கார விடமாட்டாங்க. ஆனா அதை வச்சுத்தான் ஒரு மேட்சுக்கு தொண்ணூறு, நூறு தடவை எறியறாங்க. வேகமும் ஏறிக்கிட்டே போகுது: 2008-ல் மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் மணிக்கு 91 மைலுக்குக் கொஞ்சம் மேல், 2024-ல் 94-ஐத் தாண்டிவிட்டது.

அறுந்தால் என்ன செய்வாங்க? உங்க கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வச்சு மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்க. நடுவில் ஒரு நரம்பு மாதிரி புடைச்சு நிக்குதா? அது ஒரு தசைநாண். பெருசா உபயோகம் இல்லாதது, சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அதை எடுத்து முழங்கையில் கட்டிவிடுவார்கள். 1974-ல் ஃப்ராங்க் ஜோப் என்ற டாக்டர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்தார். அதற்குப் பிறகு அந்த மனுஷன் 164 மேட்ச் ஜெயித்தார். ஆபரேஷனுக்கே அவர் பேர்தான் இப்போ. கிரிக்கெட்டில் கையை மடக்கி எறியக்கூடாது என்பதால் நம்ம முழங்கை தப்பிச்சது. அதற்குப் பதிலாக முதுகு போகுது. பும்ராவுக்குப் போனது, எனக்கும் போனது. (ஒரே வாக்கியத்தில் அவர் பேரையும் என் பேரையும் போட்டுக்க வேற வாய்ப்பு கிடைக்காது.)

அக்காவோட வாதத்துக்கு இன்னொரு கால் இருந்தது: ஃபீல்டிங். 2023-ல் பாஸ்டன் ஃபீல்டிங் பார்க்கவே சகிக்காது. ஷார்ட்ஸ்டாப் ட்ரெவர் ஸ்டோரிக்கு முழங்கை ஆபரேஷன் ஆனதால், பல இடங்களில் மாறி மாறி ஆடுற கிகே ஹெர்னாண்டஸை அங்கே நிறுத்தினார்கள். அவர் எறிந்தது பல தடவை முதல் பேஸ்காரன் கைக்குப் போகலை. ஜூலையில் அவரையும் வித்துட்டாங்க. இரண்டாவது பேஸிலும் நிலையான ஆள் இல்லை. "பந்து போடுறவன் அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருவான். பிடிக்கிறவன் தினம் நிக்கணும். க்ரிசம் இரண்டாவது பேஸில் பத்து வருஷம் நிப்பான் பாரு," என்றாள்.

"சேல் போட்டா பேட்ஸ்மேன் பந்தைத் தொடவே மாட்டான். ஸ்ட்ரைக்அவுட்டுக்கு எதுக்கு ஃபீல்டர்?"

"27 அவுட்டும் ஸ்ட்ரைக்அவுட்டா வருமாடா? மூணில் ஒண்ணு வந்தாலே அதிகம். மீதியை யார் பிடிக்கிறது, உங்க அப்பாவா?"

அப்பா ரெண்டு பேருக்கும் பொதுதான் என்பதை அவள் கவனிக்கலை.

ஆனா அவள் சொன்ன ஒரு பாயிண்ட் எனக்கு இன்னும் பிடிக்கும். எர்ரர் கணக்கை வச்சு ஃபீல்டரை எடை போடாதே என்பாள். கையில் பட்டு நழுவினால்தான் எர்ரர். ஓடிப் போய் எட்டவே முடியாதவனுக்கு எர்ரரே விழாது, ஸ்கோர் புக்கில் அவன்தான் சுத்தம். அதனால்தான் இப்போ ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்டர் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் ஓடணும் என்று கேமராவில் அளந்து கணக்குப் போடுறாங்க. நம்ம டீமிலும் ஒருத்தன் இருக்கான். ரெண்டு வருஷமா ஒரு கேட்ச் விட்டதில்லை, ஏன்னா எந்தக் கேட்சுக்கும் போனதில்லை. பேர் சொல்ல மாட்டேன், இந்த இதழை அவன் படிப்பான்.

க்ரிசம் மேல் அக்காவுக்குப் பாசம் வர வேற காரணமும் உண்டு. 2022 ஆகஸ்டில் அவன் ஆடிய முதல் மேஜர் லீக் மேட்சே ஃபென்வேயில்தான், எதிர் டீமில். அன்னைக்கு அக்கா அங்கே உட்கார்ந்திருந்தா. அவனோட முதல் ஹிட்டே ஹோம்ரன், 37 அடி உயரப் பச்சைச் சுவருக்கு மேலே பறந்து போச்சு. "எங்க டீமுக்கு எதிரா அடிச்சான், ஆனா கை தட்டிட்டேன்" என்று அன்னைக்கே மெசேஜ் போட்டிருந்தா.

2024 வந்தது. நான் ஜெயிச்சேன். எப்படி ஜெயிச்சேன்னா, மூச்சு விட முடியாத அளவுக்கு. மே மாதம் பாஸ்டன் அட்லாண்டாவுக்கு வந்தபோது சேல் ஆறு இன்னிங்ஸ் போட்டு ஒரு ரன்கூடக் கொடுக்கலை, 10 ஸ்ட்ரைக்அவுட். சீசன் முடிவில் 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்ட்ரைக்அவுட், வாழ்க்கையில் முதல் சை யங் விருது. போதாதென்று ஃபீல்டிங்குக்கு கோல்டு க்ளவ் வேற! அதை அக்காவுக்கு மட்டும் தனியா ஃபார்வர்டு பண்ணினேன். சேல் இடத்துக்கு பாஸ்டன் வாங்கின லூகாஸ் ஜியோலிட்டோ சீசன் தொடங்கும் முன்பே முழங்கை ஆபரேஷனுக்குப் போனார். ஸ்டோரி ஏப்ரலில் ஒரு பந்துக்கு டைவ் அடிச்சு தோள்பட்டை போச்சு. க்ரிசமுக்கு பயிற்சி முகாமிலேயே தொடைத் தசை பிடிச்சது, நடுவில் ஃப்ளூ வந்து எடை இறங்கியது, திரும்பி வந்தும் மறுபடி தொடைத் தசை. பேட்டிங் சராசரி .190. ஒவ்வொரு தடவை அவன் அவுட் ஆகும்போதும் அக்காவுக்கு ஒரு ஸ்டிக்கர் அனுப்பினேன். வடிவேலு ஸ்டிக்கர்தான். அவள் ஜூன் மாசத்தோட பதில் போடுறதை நிறுத்திட்டா.

செப்டம்பர் கடைசி நாள், அட்லாண்டா பிளேஆஃபுக்குள் போகுமா என்ற நிலைமையில், சேல் வரவில்லை. முதுகுப் பிடிப்பு. அட்லாண்டா உள்ளே போச்சு, ஆனா அவர் இல்லாமலே ரெண்டு மேட்சில் வெளியே வந்தது. அன்னைக்கு அக்காவே போன் பண்ணினா. குத்திக் காட்டப் போறான்னு தயாரா இருந்தேன். "உன் முதுகு எப்படிடா இருக்கு?" என்று மட்டும் கேட்டா.

நல்லா இருக்கு என்றேன். அப்போ உண்மைதான். அடுத்த பிப்ரவரியில் ஜோனல்ஸுக்கு முன்னாடி மறுபடி அதே இடத்தில் ஒரு குத்தல் வந்தது. யார்கிட்டயும் சொல்லலை. கேப்டன் கேட்டபோதும் நல்லா இருக்கு என்றேன். மூணாவது ஓவரில் ரன்-அப் பாதியில் நின்னுட்டேன். பாதி ஓவரை அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் (அப்போ செகண்ட் இயர்) முடிச்சு வச்சான். இந்தத் தடவை ஸ்கேனில் எலும்போட மறுபக்கம். மேட்ச் தோத்தோம். ஒரு பவுலர் குறைவா ஆடினோம், வேற என்ன ஆகும்? டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் என்னைத் திட்டலை. திட்டியிருக்கலாம்.

2025 ஜூனில் சேலுக்கும் மறுபடி உடைஞ்சது. நியூயார்க் மெட்ஸோட மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், டீம் நல்ல முன்னிலையில். 36 வயசு ஆள் பக்கத்தில் வந்த பந்துக்கு டைவ் அடிச்சுப் பிடிக்கிறார். கோல்டு க்ளவ் வாங்கின கை சும்மா இருக்குமா? எழுந்து மேலும் சில பந்து போட்டார். அப்புறம் பார்த்தா விலா எலும்பில் முறிவு. விடிகாலையில் நான் "விடுய்யா அதை!" என்று கத்தினதில் அம்மா எழுந்துட்டாங்க.

அதே சீசனில் அக்கா பக்கமும் காத்து திரும்பிச்சு. சிகாகோ ஒயிட் சாக்ஸில் இருந்து கேரட் குரோஷே என்று இன்னொரு நெட்டையான இடது கைக்காரரை பாஸ்டன் வாங்கியிருந்தது. சேலையும் 2016-ல் அதே டீமில் இருந்துதான் வாங்கினாங்க. குரோஷேவுக்கும் டாமி ஜான் ஆனதுதான். 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக்அவுட். "இப்போ உடைஞ்ச சாமானை நீங்களே வாங்குறீங்களா?" என்றேன். "ஒட்ட வச்ச சாமான்டா" என்றாள்.

2025 நவம்பரில், ஜடேஜா சண்டை ஓயறதுக்குள்ளே, அக்கா வீடியோ காலில் வந்தாள். நான் வீட்டில் இருந்தேன். இப்போ நான் பவுலிங் போடுறதில்லை, பாயிண்டில் நிக்கிறேன், ஏழாவதா பேட்டிங். அன்னைக்கு அக்கா கத்தலை. "க்ரிசமை ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துட்டாங்கடா," என்றாள்.

வடிவேலு ஸ்டிக்கர் கை வரைக்கும் வந்தது.

"பாஸ்டனுக்கு மொத்தம் எத்தனை மேட்ச் ஆடினான் தெரியுமா? 31."

நான் ஒண்ணும் பேசலை. அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க. "இப்போ யாரை வித்தாங்க?"

"சேலைக் கொடுத்து வாங்கினாங்கல்ல, அந்தப் பையன்மா."

"என்ன வயசு?"

"24."

"தொடையில் அடின்னு சொன்னீங்களே, அது சரியாயிடுச்சா?"

அக்கா ஸ்க்ரீனில் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ரெண்டு வருஷமா அவனைப் பத்திப் பேசியிருக்கோம். "இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு நான் போனில் தேட ஆரம்பித்தேன்.