சந்திரக் கோபுரம்

உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் நான் எழுதிய செய்தியொன்றில் 'மணலாறு' என்று குறிப்பிட்டிருந்தேன். அதை வெட்டி 'வெலிஓயா' என்று போடும்படி உத்தரவு வந்தது. 1980களின் இறுதி அது. சிங்களத்தில் வெலி என்றாலும் மணல்தான், ஓயா என்றாலும் ஆறுதான், பொருள் மாறவில்லையே என்றார் மூத்தவர் ஒருவர். பொருள் ஒன்றேயெனில் பெயரை மாற்றுவானேன் என்று கேட்க எனக்கு அன்று துணிவிருக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் வெலிஓயா என்றே வந்தது.

நெடுங்காலத்தின் பின்னர் ஜே. ஆர். ஆர். ரொல்கீனின் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நூலை வாசித்தபோது அந்த இரவு நினைவுக்கு வந்தது. 1954-55இல் வெளியான அந்த நூலின் ஆசிரியர் ஒக்ஸ்போர்டில் மொழிப் பேராசிரியர். கதைக்காக மொழியைப் புனைந்தவரல்லர். மொழிகளைப் புனைந்துவிட்டு, அவை வழங்குவதற்கோர் உலகம் வேண்டுமென்று கதை செய்தவர். குவென்யா என்னும் மொழிக்குப் பின்லாந்து மொழியும், சிந்தாரினுக்கு வேல்ஸ் மொழியும் அவருக்கு ஆதர்சமாயின.

ஆகவே அங்கே ஊர்ப்பெயர் ஒவ்வொன்றையும் பிரித்துப் பொருள் காணலாம். சிந்தாரினில் 'மோர்' கருமை, 'டோர்' நிலம். மோர்டோர் என்பது கரிய நிலம். கல்லைக் குறிக்கும் சொல்லோடு அதே 'டோர்' சேர்ந்தால் கொண்டோர், கல்நாடு. நம் புலவர்கள் பதம் பிரிப்பதைப் போன்றதே. இம்லாட்ரிஸ் என்பது பிளவுண்ட ஆழ்பள்ளத்தாக்கு. அதே ஊரைப் பொதுமொழியில் ரிவெண்டெல் என்பர். பொருள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றுக்காக மற்றதை எவரும் அழித்துவிடவில்லை. அவரவர் வாயில் அவரவர் பெயர்.

சுவீடிஷ், ஒல்லாந்து மொழிபெயர்ப்பாளர்கள் தம் பெயர்களைக் கையாண்ட விதம் ரொல்கீனுக்குப் பிடிக்கவில்லை. 1967இல் மொழிபெயர்ப்போருக்கென அவர் ஒரு குறிப்பே எழுதினார்: ஆங்கில வடிவிலுள்ள பெயர்களைப் பொருளறிந்து பெயர்க்கலாம், எல்ஃப் மொழிப் பெயர்களைத் தொடவே கூடாது. எங்கள் செய்தியறையில் அப்படியொரு தாள் தொங்கியிருந்தால் எனக்கு ஒரு வாதமாவது கிடைத்திருக்கும்.

என்னை மிகவும் பாதித்தது இரட்டைக் கோட்டைகளின் கதை. ஒன்று மினாஸ் இத்தில், சந்திரக் கோபுரம். மற்றது மினாஸ் அனோர், சூரியக் கோபுரம். பகைவர் முன்னதைக் கைப்பற்றியதும் அது மினாஸ் மோர்குல், மாந்திரீகக் கோபுரம், ஆனது. ஒருவரும் கைவைக்காத சூரியக் கோபுரமும் தன் பெயரை இழந்தது. எதிரே எதிரி குடியிருக்க, அதனை மினாஸ் திரித், காவற் கோபுரம், என்று அழைக்கலாயினர். போர் எட்டாத ஊரின் பெயரிலும் போர் ஏறிவிடுகிறது என்பதை இந்த மனிதர் எப்படி அறிந்தார் என்று வியந்தேன். அவரும் முதலாம் உலகப்போரில், 1916இல், சொம் போர்முனையில் நின்றவர்தாம்.

யுத்தம் முடிந்து அரகோர்ன் முடிசூடியபின் சந்திரக் கோபுரத்தின் நிலை என்னவாகிறது என்று ஆவலோடு பக்கங்களைப் புரட்டினேன். அதனை முற்றாக இடித்துவிட முடிவாகிறது. நிலம் ஒருகாலத்தில் தூய்மையாகலாம். ஆயினும் நெடுங்காலம் எவரும் அங்கே குடியிருக்க இயலாது. அதைச் சொல்லும்போது அரசன் அவ்விடத்தை மோர்குல் என்னாமல் மினாஸ் இத்தில் என்றே குறிப்பிடுகிறான்.